கோட்டுக்காரன் நிற்கும் இடம்

அடிலெய்ட்
20 செப்டம்பர் 1964

அன்புள்ள டல்சி,

காகத்தால் வைக்கோலையும் மனிதனையும் பிரித்துப் பார்க்க முடியுமா, முடியும் என்றால் எதை வைத்துக் கண்டுபிடிக்கிறது என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரியவில்லை. பறவைகளைப் பற்றிப் படித்தவர் ஒருவர் எங்கள் கல்லூரிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறார். அவரிடம் கேட்டேன். "நடையை வைத்து" என்றார். அசையாமல் நிற்கிறவனுக்கு ஏது நடை என்று கேட்டேன். தேநீரைக் கலக்கியபடி யோசித்தார். அதற்குள் வகுப்பு மணி அடித்துவிட்டது.

அந்தச் சொல்லைப் பற்றி வேண்டுமானால் நான் கொஞ்சம் சொல்லலாம். நாங்கள் தொகுக்கும் அகராதியில் 'வெருளி' இந்த மாதம் என் மேசைக்கு வந்திருக்கிறது. பறவைகளை மிரட்ட வயலில் நட்டுவைக்கும் வைக்கோல் பொம்மை என்றுதான் இன்றைக்கு யாரும் சொல்வார்கள். பழைய நூல்களில் அப்படி இல்லை. முதலில் அது ஓர் ஆளைத்தான் குறித்தது. விதைத்த நிலத்தில் நாள் முழுக்க நின்று, கத்தி, கல்லெறிந்து பறவை ஓட்டியவன். அவனுக்குக் கூலி கொடுக்க மனம் வராத யாரோ அவன் சட்டையை மட்டும் ஒரு குச்சியில் மாட்டியிருக்க வேண்டும். இது என் ஊகம். அகராதியில் சேர்க்க மாட்டேன்.

வெர்னிடம் சொன்னால் சிரிப்பான். என் வேலை என் தம்பிக்கு எப்போதுமே வேடிக்கைதான்.

குளிர்காலம் முழுக்க இருந்த இருமல் ஒருவழியாக என்னை விட்டது. உன் மணிக்கட்டு எப்படி இருக்கிறது? பாதாம் மரத்தில் ஏறி விழுந்தேன் என்று எழுதியிருந்தாய். நம் தோட்டத்தில் கீழே நின்று கம்பால் தட்டுவதுதானே வழக்கம்? அதுவும் பூ மட்டுமே இருக்கிற ஆகஸ்டில் எதற்காக ஏறினாய்?

அன்புடன்,
தோரா


முரபிங்கா
11 அக்டோபர் 1964

அன்புள்ள அண்ணி,

இருமல் போனது பற்றிச் சந்தோஷம். என் கைக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். விரல்கள் எல்லாம் மடங்குகின்றன, சுண்டுவிரல் தவிர.

பூ கொட்டிக் காய் பிடித்துவிட்டது. கீழ் மேய்ச்சலில் கடைசி ஆடுகள் குட்டி போடுகின்றன. போன வாரம் ஒன்று குட்டி போட முடியாமல் படுத்துவிட்டது. குட்டியின் தலை மட்டும் வெளியே வந்திருந்தபோதே காகங்கள் இரண்டு கண்ணையும் எடுத்துவிட்டன. நாக்கையும். வெர்ன் கோடரியின் பின்பக்கத்தால் குட்டியை முடித்தார். பிறகு தாயையும். "படுத்துக் கெடந்தா இதான் கதி. பாத்துக்க" என்றார். நானும் ஃப்ளாஸும் மட்டும்தான் பக்கத்தில் இருந்தோம். ஃப்ளாஸ் நாய்தானே, அவளுக்கு என்ன புரியும்.

சுட்ட காகங்களை வழக்கம்போல வேலியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். அவற்றோடு நரி ஒன்றும் தொங்குகிறது. காற்று திரும்பினால் வீட்டுக்குள் நாற்றம் வருகிறது.

நான் ஏன் அந்தக் கேள்வியைக் கேட்டேன் என்று சொல்கிறேன். உங்கள் அப்பா காலத்தில் அறுவடைக்கு முன் ஒரே ஒரு காலை, அவரே கோட்டைப் போட்டுக்கொண்டு கம்பத்தில் கையை விரித்து நிற்பார், கிட்டே வரும் காகத்தைச் சுட்டுவிட்டுக் கோட்டைக் கழற்றி வைக்கோல் ஆளுக்கு மாட்டுவார் என்று நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். அந்தக் கோட்டைக் கண்டாலே சாவு என்று காகங்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காக. வெர்ன் அதை வருடம் முழுக்கச் செய்கிறார். எந்த நாள், எந்த வேளை என்று கணக்கில்லை. வைக்கோல் ஆளைத் தூக்கி மரவரிசைக்குப் பின்னால் போட்டுவிட்டு இவர் நிற்கிறார். "எப்ப அவன், எப்ப நான்னு காக்காவுக்கே தெரியக்கூடாது" என்கிறார்.

சமையலறைக் கதவைத் திறந்தால் நேர் எதிரே கோட்டுக்காரன் நிற்பான். நான் துணி உலர்த்துவது, ரொட்டிக்காரரிடம் பேசுவது எல்லாம் அங்கிருந்து தெரியும். ஒருநாள் சாயங்காலம் வெர்ன் உள்ளே வந்து உட்கார்ந்து, "ரொட்டிக்காரன் என்னமோ ஜோக்கு சொன்னான் போல. எனக்கும் சொல்லேன். நானும் சிரிக்கிறேன்" என்றார். ரொட்டி அடியில் கருகிவிட்டது என்றுதான் அவர் சொன்னார் என்றேன். "அதுக்கா அவ்ளோ சிரிப்பு?" என்று கேட்டார். அதற்கு மறுநாள்தான் நான் மரத்திலிருந்து விழுந்தேன்.

இப்போது பயமில்லை. வெளியே போகும் முன் ஃப்ளாஸை அனுப்புகிறேன். வைக்கோல் என்றால் நேரே போய்க் கம்பத்தடி நிழலில் படுத்துக்கொள்வாள். அவர் என்றால் வயிறு தரையில் உரச ஊர்ந்து போவாள்.

பதிலைத் தபால் ஆபீஸ் மேவிஸ் பெயருக்கு அனுப்புங்கள். தொலைபேசி வேண்டாம். அந்தக் கம்பியில் பேசினால் ஊரே கேட்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
டல்சி


அடிலெய்ட்
25 அக்டோபர் 1964

அன்புள்ள டல்சி,

நான் நலம். சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது, உனக்கும் அதற்குப் பொழுது இருக்காது. வெர்ன் உன்னை அடிக்கிறானா? ஆம் அல்லது இல்லை, ஒரு சொல் போதும்.

அவனுக்கு ஷூ கயிறு கட்டக் கற்றுக்கொடுத்தவள் நான். நம்புவதற்கு எனக்கு விருப்பமில்லை. ஆனால் என் விருப்பமின்மை எதற்கும் சான்று ஆகாது.

இங்கே பின்னறை காலியாக இருக்கிறது. சின்ன அறைதான், வெயில் நன்றாக வரும். தோட்டத்துக்கு வேலி உண்டு. ஃப்ளாஸையும் கூட்டி வரலாம்.

தோரா


முரபிங்கா
9 நவம்பர் 1964

அக்கா,

சௌக்கியமா? நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன்.

நீ எழுதினது என் கைக்கே வந்துச்சு. மேவிஸ் அவ அம்மாவப் பாக்கப் போயிருக்கா. அவ இடத்துல புதுசா ஒரு பொண்ணு. நல்ல பொண்ணு. உறைக்குப் பின்னால உன் பேரப் பாத்துட்டு, "இது உங்க வீட்டுக் கடுதாசிதானே சார்"னு கூப்பிட்டுக் குடுத்துச்சு.

அடிக்கிறானான்னு கேட்டிருக்கே. படிச்சவ கேக்கற கேள்வியா இது? இருந்தாலும் கேட்டுட்டியேன்னு, அவளை முன்னால உக்கார வெச்சு உன் கடுதாசிய முழுசா வாசிச்சுக் காட்டினேன். "ஆமாவா இல்லையா, ஒரே வார்த்தைல சொல்லு, அக்காவுக்கு அவசரம்"னேன். இல்லைன்னா. இந்தா, பதில் வந்துருச்சு.

வெருளின்னா மொதல்ல ஆளுதான்னு கண்டுபிடிச்சியாமே. அதுக்கு எதுக்கு அகராதி? நம்ம அப்பன் உனக்குக் காட்டலையா? கோட்டுக்காரன் மூக்குக்குள்ள விரல விடறேன்னு வீராப்பா போனவ நீதானே. அவன் லபக்குன்னு கையப் பிடிச்சதும் கவுனோட ஒண்ணுக்குப் போனவளும் நீதான். ஊர விட்டு ஓடிப்போய்ப் படிக்கணும்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டியோ?

ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. காக்கா மாதிரிதான் எல்லாமே. ஒரு தடவை நல்லாக் காட்டிட்டா போதும். அப்புறம் வெறும் கோட்ட மாட்டி வெச்சாலே அடங்கிக் கெடக்கும்.

கிறிஸ்துமஸுக்கு வா. வாத்து அடிச்சு வெக்கிறேன். டல்ஸ் துப்பாக்கில சுடறத நீ பாத்ததே இல்லையே. உன் பின்னறையப் பூட்டி வை. அங்க வர யாரும் இல்ல.

உன் தம்பி
வெர்ன்


முரபிங்கா
29 நவம்பர் 1964

அன்புள்ள தோரா அண்ணி,

நாங்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறோம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறோம். காய்ப்பு இந்த வருடம் நன்றாக இருக்கிறது. மழை இல்லை. நீங்கள் கிறிஸ்துமஸுக்கு வந்தால் எங்கள் இருவருக்கும் மகிழ்ச்சி.

வெர்ன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். அன்பைத் தெரிவிக்கச் சொன்னார். எழுத்து கோணலாக இருக்கும், இடது கையால் எழுதுகிறேன். ஃப்ளாஸ் நலம்.

இப்படிக்கு,
டல்சி


அடிலெய்ட்
3 ஜனவரி 1965

அன்புள்ள டல்சி,

ரயிலில் வெக்கை தவிர வேறு தொல்லை இல்லாமல் வந்து சேர்ந்தேன். மேவிஸ் திரும்பிவிட்டாள், இனி எந்த உறையும் அவள் கையை விட்டுப் போகாது. நானே போய் அவளிடம் பேசிவிட்டேன்.

கிறிஸ்துமஸ் அன்று நடந்தது உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். நான் பார்த்தேன் என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சாப்பாடு முடிந்து பக்கத்துத் தோட்டத்து கர்னி குடும்பமும் நாமும் சமையலறை வாசலில் உட்கார்ந்திருந்தோம். கையில் பீர் குவளையோடு வெர்ன் எழுந்தான். "டல்ஸ், எந்திரி. அக்காவுக்கு வித்தையக் காட்டு."

"கை இன்னும் வலிக்குதுங்க" என்றாய்.

"வலிக்கிற கையாலயே அடிப்பா, பாருங்க. இவ அப்பன் முயல் சுட்டே பொண்ணு வளத்தவன்."

சிறு துப்பாக்கியை எடுத்துவந்து உன் மடியில் போட்டான். நாலு வரிசை மரத்துக்கு அப்பால் கோட்டுக்காரன் நின்றான். நீ எழுந்து, வாசல் நிலையில் தோளைச் சாய்த்துச் சுட்டாய். தொப்பி பறந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். ஃப்ளாஸ் ஓடிப்போய் அதைக் கவ்விக்கொண்டு வந்தாள்.

"ஒரு நாளைக்கு அந்தத் தொப்பிக்குள்ள என் மண்டை இருக்கும். அப்பவும் இப்படித்தான் அடிப்பா" என்றான் வெர்ன்.

"அப்பன்னா குறி இன்னும் நல்லா வுழும்டா!" என்றார் கர்னி. அவர் மனைவி பீர் புரையேறும் அளவுக்குச் சிரித்தாள். வெர்னும் சிரித்தான். நீ சிரிக்கவில்லை. தோட்டா உறையை வெளியே தள்ளிவிட்டு, அது தரையில் உருண்டு நிற்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தாய்.

பிறகு நாம் பாத்திரம் கழுவினோம். அந்த வெயிலிலும் நீ போட்டிருந்த முழுக்கை ரவிக்கையைத் தண்ணீருக்காக மடித்துவிட்டாய். உன் இரண்டு கைகளையும் பார்த்தேன். தட்டுகளைத் துடைத்து அடுக்கினேன்.

பிப்ரவரி இருபதாம் தேதி, சனிக்கிழமை, முதல் அறுவடையை ஏற்றிக்கொண்டு கூட்டுறவுக் கிடங்குக்குப் போவதாக அவனே சொன்னான். போனால் இரவுக்கு முன் திரும்ப மாட்டான். அன்று காலை நான் காரில் வருவேன். மாற்றுத்துணி மட்டும் எடுத்து வை. நாய்க்கு ஒரு கயிறு.

தோரா


முரபிங்கா
31 ஜனவரி 1965

அன்புள்ள அண்ணி,

நீங்கள் சுகமாக ஊர் சேர்ந்ததை மேவிஸ் சொன்னாள். சனிக்கிழமை பற்றி எழுதியதை வாசித்தேன்.

கயிறு தேவைப்படாது. ஃப்ளாஸ் இப்போது வேலியில் இருக்கிறாள்.

நீங்கள் போன பிறகு வெர்னுக்குப் புது வழக்கம் ஒன்று வந்திருக்கிறது. தினமும் விடிந்ததும், அடுப்பு மூட்டும் முன், நான் வாசலில் நின்று கோட்டுக்காரன் தொப்பியில் ஒரு குண்டு போட வேண்டும். "கை துருப்பிடிக்கக் கூடாது. காக்காவுக்கும் சத்தம் கேட்ட மாதிரி ஆச்சு" என்கிறார். கட்டிலில் படுத்தபடியே கேட்டுவிட்டு, பட்டதா இல்லையா என்று சத்தத்திலேயே சொல்கிறார். காலையில் அவர் நிற்கப்போகிற நாளாக இருந்தால், "நாளைக்குச் சுடாதே" என்று முந்தின நாளே சொல்லிவிடுவார். மற்ற வேளைகளில் நிற்பதைச் சொல்வதில்லை.

சொன்னாலும் எனக்கு நிம்மதி இருக்காது. குடித்துவிட்டு வந்த நாளில் மறந்துபோனால்? அதனால் ஃப்ளாஸை அனுப்பி, அவள் கம்பத்தடியில் படுத்த பிறகுதான் துப்பாக்கியை எடுப்பேன்.

செவ்வாய்க்கிழமை நடுப்பகலில் அவர் நின்றுகொண்டிருந்தார். ஒரு பெரிய காகம் அவர் தோளுக்கே வந்து உட்காரப் பார்த்ததாம். அந்த நேரம் ஃப்ளாஸ் ஊர்ந்துபோய் அவர் பூட்ஸை நக்கியிருக்கிறாள். காகம் பறந்துவிட்டது. ஏன் இந்த நாய் எப்போதும் தனக்கு முன்னால் வருகிறது என்று அவர் யோசித்திருக்க வேண்டும். உள்ளே வந்து என்னிடம், "காட்டிக் குடுக்கிறதுக்கு நாய வளக்கிறியா?" என்றார். ஃப்ளாஸைக் காலில் சுட்டார். அவள் ஓட முடியாமல் என்னிடம் வந்தாள். நான் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றார், இல்லாவிட்டால் நேரமாகும் என்றார். பிடித்துக்கொண்டேன். கட்டித் தொங்கவிட்டதும் நான்தான். அவர் முடிச்சுகளைச் சரிபார்த்தார்.

நாளைக் காலையும் சுட வேண்டும். யாரைப் பார்த்துவிட்டுச் சுடுவது என்று தெரியவில்லை.

உங்கள் ஊரிலும் வெயில் அதிகம் என்றார்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

டல்சி


அடிலெய்ட்
4 பிப்ரவரி 1965

அன்புள்ள டல்சி,

இருபதாம் தேதி வரை காத்திருக்க வேண்டாம். மேவிஸிடம் போ. "வா" என்று ஒரு தந்தி கொடு. அவன் வீட்டில் இருந்தாலும் சரி, அன்றைக்கே புறப்படுவேன். என் தம்பியை நேருக்கு நேர் பார்க்க எனக்குப் பயம் என்பது உண்மை. அதனால் ஒன்றும் மாறிவிடாது.

நீ சொல்லாமல் நான் வந்து நின்றால் அவன் அதை யார்மேல் காட்டுவான் என்று தெரியும். ஆகவே உன் சொல்லுக்குக் காத்திருக்கிறேன்.

தோரா


தந்தி
முரபிங்கா, 17 பிப்ரவரி 1965

வாருங்கள். வெர்ன் இறந்துவிட்டார். டல்சி.


காவல் நிலையம், முரபிங்கா
3 மார்ச் 1965

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

தங்கள் தம்பியின் மறைவுக்கு மீண்டும் என் வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். அடக்கத்தன்று தங்களுடன் நிதானமாகப் பேச முடியவில்லை. மரண விசாரணை அதிகாரிக்கு அறிக்கை அனுப்பும் முன் தங்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது.

இதுவரை தெரிந்தது இது. பதினேழாம் தேதி விடியற்காலை தங்கள் தம்பி வைக்கோல் பொம்மையை எடுத்துவிட்டு, அதன் கோட்டையும் தொப்பியையும் தானே போட்டுக்கொண்டு கம்பத்தில் நின்றிருக்கிறார். அவர் மனைவி தினமும் செய்வது போல வாசலில் நின்று தொப்பியை நோக்கி ஒரு முறை சுட்டிருக்கிறார். குண்டு தொப்பி விளிம்புக்குக் கீழே நெற்றியில் பட்டிருக்கிறது. இந்த வழக்கம் ஊரறிந்தது. வெர்னே மதுக்கடையில் பெருமையாகச் சொல்வார். நானும் கேட்டுச் சிரித்தவன்தான்.

தான் நிற்கப்போவதை முந்தின நாளே சொல்லிவிடுவது அவர் வழக்கம் என்கிறார்கள். அன்று அப்படிச் சொல்லவில்லை என்கிறார் டல்சி. குடித்துவிட்டு வந்தவர் நாற்காலியிலேயே தூங்கிவிட்டாராம். அவர் நிறையக் குடித்தது உண்மை. கடையில் எனக்கு அடுத்துத்தான் நின்றார். அவர் சொன்னாரா இல்லையா என்று சொல்ல வேறு ஆள் இல்லை.

அவருடைய இரட்டைக்குழல் துப்பாக்கி உடலுக்கு அடியில் கிடந்தது, சுடுவதற்குத் தயார் நிலையில். குழல் வீட்டைப் பார்த்து இருந்தது. விழும்போது திரும்பியிருக்கலாம்.

தாங்கள் அந்த வீட்டில் சில நாள் தங்கியிருந்தீர்கள். சான்றுகளை எடைபோட்டுப் பழகியவர். அதே வாசலில், அதே நேரத்தில் நின்று பார்த்தால் கம்பத்தில் நிற்பது வைக்கோலா ஆளா என்று தெரியுமா? நான் போன காலையில் மேகமூட்டமாக இருந்தது. தாங்கள் பார்த்திருந்தால் எழுதுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
ஹேலோரன், சார்ஜென்ட்


அடிலெய்ட்
10 மார்ச் 1965

மதிப்பிற்குரிய சார்ஜென்ட் ஹேலோரன்,

தங்கள் கடிதம் கிடைத்தது. அடக்கத்துக்கு வர முடியாமல் இருந்த தங்கள் மனைவிக்கு உடல் தேறியிருக்கும் என்று நம்புகிறேன்.

அந்த வாசலில் அதே வேளையில் நின்று பார்த்தேன். வானம் தெளிவாக இருந்தது. சூரியன் கம்பத்துக்கு நேர் பின்னால் எழுகிறது. கருப்பாக ஓர் உருவம் தெரிகிறது, கை விரித்தபடி. அது வைக்கோலா ஆளா என்று என்னால் சொல்ல முடியவில்லை. காகத்துக்கே தெரியக்கூடாது என்பதற்காக என் தம்பி அமைத்த ஏற்பாடு அது. அவன் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை.

அவன் முந்தின நாள் என்ன சொன்னான் என்பதற்கு நான் சாட்சி இல்லை. டல்சியின் கைகளுக்குத் தங்கள் ஊர் மருத்துவர் எத்தனை முறை கட்டுப்போட்டார் என்பதை அவரிடமே கேட்டுக்கொள்ளலாம். மதுக்கடையில் இதுவும் பேச்சில் வந்ததா என்று தெரியவில்லை.

இப்படிக்கு,
தோரா


அடிலெய்ட்
28 மார்ச் 1965

அன்புள்ள டல்சி,

விபத்து என்று முடித்துவிட்டார்கள். ஹேலோரன் எனக்கு எழுதியிருந்தார். உனக்கும் சொல்லியிருப்பார். எனக்கு உடம்பு பரவாயில்லை, தூக்கம்தான் கொஞ்சம் குறைவு. நீ சாப்பிடுகிறாயா? கர்னி மனைவி கொண்டுவந்து தருவதை வேண்டாம் என்று சொல்லாதே. அவளுக்கும் அது தேவைப்படுகிறது.

அவன் என் தம்பி. அவனுக்காக அழுதேன் என்பதை உன்னிடம் மறைக்க மாட்டேன். இப்போதும் சில நேரம் அழுகிறேன். ஐந்து வயதில் கோட்டுக்காரனைக் கண்டு என் பாவாடைக்குள் ஒளிந்தவன் அவன். அந்தக் கோட்டை எந்த வயதில் தனக்குப் பிடித்துப்போனது என்று அவனிடம் ஒரு நாள் கேட்டிருக்கலாம். பதில் வந்திருக்காது.

சார்ஜென்ட் கேட்டதற்கு நான் என்ன எழுதினேன் என்பதை நீ அறிய வேண்டும். வாசலில் நின்று பார்த்தால் வைக்கோலா ஆளா என்று எனக்குத் தெரியவில்லை என்று எழுதினேன். அது உண்மை. அடக்கம் முடிந்து, நாம் வைக்கோல் ஆளைத் திரும்ப நட்ட பிறகு, திங்கட்கிழமை விடியலில் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். உனக்குத் தெரியுமா என்று அவர் என்னிடம் கேட்கவில்லை. கேட்காததற்கு நான் பதில் எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நாம் இருவரும் பேசவே இல்லை. ஒரே ஒரு முறை செய்து பார்த்த சோதனை எதையும் நிரூபிக்காது என்று என் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஆகவே இதிலிருந்து நான் எந்த முடிவுக்கும் வரவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

சனிக்கிழமை, உன்னைக் கூட்டிப்போக வருகிறேன் என்று நான் சொல்லியிருந்த அதே நாளில், அவனை அடக்கம் செய்தோம். மறுநாள் நீ எழும் முன் நான் எழுந்தேன். போலீஸார் அந்தக் கோட்டை எடுத்துப் போயிருந்தார்கள். கதவுக்குப் பின்னால் அவன் பால் கறக்கப் போடும் பழைய கோட்டும் வேறொரு தொப்பியும் தொங்கின. அவற்றைப் போட்டுக்கொண்டேன். புகையிலையும் ஆட்டு எண்ணெயும் கலந்த வாடை அடித்தது. மரங்களுக்கிடையே நடந்து போனேன். வைக்கோல் ஆள் அவன் போட்ட இடத்திலேயே குப்புறக் கிடந்தான். நான் கம்பத்தில் முதுகைச் சாய்த்து, குறுக்குக்கட்டையில் கைகளைப் போட்டு, தலையைக் கவிழ்த்து நின்றேன்.

சூரியன் என் முதுகுக்குப் பின்னால் வந்தது. யூகலிப்டஸ் மரங்களிலிருந்து ஒரு காகம் இறங்கி, என் இடது கைக்கு எட்டும் கிளையில் உட்கார்ந்தது. தன் வெள்ளைக் கண்ணால் என்னைப் பார்த்தது. மூச்சை அடக்கினேன். வெடித்த பாதாம் ஒன்றைக் கொத்தி எடுத்து, அங்கேயே வைத்து உடைத்துத் தின்றது.

சமையலறைக் கதவு திறந்தது. நீ சாம்பல் வாளியோடு வெளியே வந்தாய். உன் தலைகூட என் பக்கம் திரும்பவில்லை. கையை நெற்றியில் வைத்து உற்றுப் பார்க்கவும் இல்லை. நடையை நிறுத்தாமல், குரலை உயர்த்தாமல் சொன்னாய்:

"அண்ணி, டீ ஆறுது. வெயிலுக்கு முன்னால வந்துருங்க."

காகம் பறந்தது. நீ சாம்பலைக் கொட்டிவிட்டு உள்ளே போனாய்.

நான் வந்தேன். டீ சூடாகத்தான் இருந்தது. இருவரும் குடித்தோம். கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டேன். நீ அதை எடுத்து உதறி, மடித்துக் கையில் வைத்துக்கொண்டாய். பிறகு தோட்டத்துக்குப் போனோம். நீ வைக்கோல் ஆளைத் தோளில் பிடித்தாய், நான் காலைப் பிடித்தேன். தூக்கிக் கம்பத்தில் கட்டினோம். நான் தொப்பியை வைத்தேன். நீ கோட்டின் பித்தான்களை ஒவ்வொன்றாக, கழுத்து வரை போட்டுவிட்டாய்.

தோரா